நிமிர்த்தி வைத்த பிளட்

கேள்வி: எனக்கு 67 வயது, கணவருக்கு 72. வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் சொந்த பிளட். கனடாவில் இருக்கும் மகன், "இதை வித்துப்போட்டுத் தலவத்துகொடைப் பக்கம் ஒரு டவுன்ஹவுஸ் வாங்குவம், உறுதியை என்ர பேரிலயே எழுதலாம்" என்கிறான். வாசலிலேயே கார், நாலு பூச்செடி வைக்க இடம், தனி வீடு மாதிரி. பராமரிப்புத் தொல்லையும் இல்லையாம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: "தனி வீடு மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "மாதிரி"க்குத்தான் இந்தப் பதில்.

உங்கள் பிளட் ஆறாம் மாடியில் இருந்தாலும் படுத்துக் கிடக்கிற வீடு. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் குசினி, சாமியறை, படுக்கை எல்லாம் ஒரே தளம். டவுன்ஹவுஸ் என்பது அதே பிளட்டை நிமிர்த்தி வைத்தது. கீழே காரும் ஹோலும், நடுவில் ஒன்றிரண்டு அறை, மேலே இன்னொன்று. தரைக்கு இறங்கி வருகிறோம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் லிஃப்டைக் கொடுத்துவிட்டுப் படியை வாங்குகிறீர்கள்.

என் தமக்கையார் தெஹிவளையில் சுவரோடு சுவர் ஒட்டிய அப்படியொரு டவுன்ஹவுஸ் வரிசையில், நடு வீட்டில் இருந்தவர். முழங்கால் மடங்க மறுத்த பிறகு மேலறைகளைப் பூட்டிவிட்டு, கீழே ஸ்டோர் ரூமாக வைத்திருந்த மூலையில் கட்டிலைப் போட்டார். மூன்று தளத்துக்குக் காசு கட்டி ஒரு தளத்தில் சீவியம். விடிய ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் சுவருக்குள்ளால் வரும். "இண்டைக்கு அவையளுக்குப் புட்டு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அதே சுவரில் ஒரு மழைக்காலம் ஈரம் ஊறி, இலங்கைப் படம் மாதிரி ஒரு கறை வந்தது. "உங்கட சுவர்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். "உங்கட பைப்" என்றார் தமக்கையார். கட்டிக் கொடுத்தவர் போனை எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது. கறை யாழ்ப்பாணத்திலிருந்து காலி வரை வளர்ந்த பிறகுதான் இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு பிளம்பரைக் கூப்பிட்டார்கள். பொதுச்சுவர் வீடு கொழும்புக்குப் புதிதில்லைத்தான். கொட்டாஞ்சேனையிலும் கொம்பனித்தெருவிலும் தொடர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அவர்கள் அதைத் தனி வீடு என்று சொல்லிக்கொண்டதில்லை.

நடு வீடென்றால் ஜன்னல் முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும்தான். நடு அறையில் பகலிலும் லைட். வாங்கத்தான் வேண்டுமென்றால் மூலை வீட்டுக்கு அலையுங்கள். பூச்செடி விஷயத்தில் வாதாடமாட்டேன், நாலு சாடி வைக்கலாம்.

இனி "பராமரிப்புத் தொல்லை இல்லை". இதை உங்களுக்குச் சொன்னவர் விற்க வந்தவராகத்தான் இருப்பார். முதலில் பிளானை வாங்கிப் பாருங்கள். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கூட்டாதனமாக (கொண்டோமினியமாக) பதிந்திருந்தால் அதற்கு ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உண்டு. அது வேறு யாருமல்ல, வீட்டுக்காரர்களாகிய நீங்களேதான். மாதக் காசும் நீங்கள்தான் கட்ட வேண்டும், கூட்டத்தில் சண்டையும் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் பதியாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பேர்ச் காணி என்று தனித்தனி உறுதியும், உள்ளே போக ஒரு பொது ஒழுங்கையும் என்றால், அந்தக் கூட்டுத்தாபனமும் இல்லை. ஒழுங்கை லைட் எரிந்துபோனால் ஆறு வீடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு கூரையும் சந்திக்கிற பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினால், நுளம்புக்கு எந்த வீட்டுத் தண்ணீர் என்ற பேதம் கிடையாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மகன் பேரில் உறுதி. அவர் கனேடியக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை இரட்டையாக வைத்துக்கொள்ளவில்லை என்றால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவர் வெளிநாட்டவர். காணியோடு சேர்ந்த வீட்டை விலைக்கு வாங்கி அவர் பேரில் எழுத முடியாது. அதே சட்டம் உங்கள் ஆறாம் மாடி போன்ற கூட்டாதன வீடுகளுக்கு, முழுக் காசும் முன்கூட்டியே வெளிநாட்டிலிருந்து வந்தால், விலக்குக் கொடுக்கிறது. அதாவது நீங்கள் விற்க நினைக்கிற ஆறாம் மாடியை லண்டன்காரரும் டொரொண்டோக்காரரும் வாங்கலாம். வாங்க நினைக்கிற டவுன்ஹவுஸ் காணி உறுதியோடு வந்தால், நாளைக்கு அதை விற்கப்போகும்போது அவர்கள் வரிசையில் நிற்கமாட்டார்கள். வெள்ளவத்தையில் பிளட்டுக்கு யார் விலை கேட்டு வருகிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பேரில் வாங்கினால் இந்தத் தடை இல்லை. பிறகு அது மகனுக்குப் போகும் வழியை நொத்தாரிசிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

டவுன்ஹவுஸ் பக்கமும் நியாயம் உண்டு. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோது, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லாமல், மாடிகளுக்கு காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏறியவர்களைக் கண்டிருப்பீர்கள். அப்போது தமக்கையார் வாசலில் சிலிண்டரை உருட்டி இறக்கினார். நாற்பது வயதுக்காரர், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு கார் என்றால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன்.

உங்கள் கடிதத்தில் கோயில், சந்தை, டொக்டர் என்று ஒன்றும் இல்லை. எல்லாம் காலி வீதியில் காலடியில் இருப்பதால் எழுதத் தோன்றவில்லை போலும். தலவத்துகொடையில் அவற்றுக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும்.

வீடு பார்க்கப் போகும்போது ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கீழிருந்து படுக்கையறை வரை எத்தனை படி என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.