வைரஸ் காய்ச்சலும் இளவயதுப் பக்கவாதமும்: உங்கள் கேள்விகள்

எனக்கு 34 வயது, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. கொரோனா வந்தால் பக்கவாதம் வருமா டாக்டர்?

வாய்ப்பு குறைவுதான், ஆனால் 'நமக்கெல்லாம் வராது' என்று இருந்துவிடாதீர்கள். 2020இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனைகளுக்கு இரண்டே வாரத்தில் 50 வயதுக்குக் கீழே 5 பேர், மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்து வந்தார்கள், ஐவருக்கும் கொரோனா. அதற்கு முந்தைய ஓராண்டில் அந்த வயதில் இரண்டு வாரத்துக்குச் சராசரியாக ஒருவர்கூட இல்லை. அவர்களில் 33 வயதுப் பெண் ஒருவர், ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, இடது கையும் காலும் பலம் இழந்த பிறகும் 28 மணி நேரம் கழித்துத்தான் வந்தார். எனக்கு வேதனை தருவது இந்தத் தாமதம்தான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ வயதைப் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நுரையீரலைத் தாக்கும் வைரஸ் மூளையில் எப்படி அடைப்பு உண்டாக்குகிறது?

தொற்றை எதிர்க்க உடம்பு கிளப்பும் அழற்சி ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது, ரத்தமும் எளிதாக உறையத் தொடங்குகிறது. சில சமயம் இதயத்தில் உருவான ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விடும்.

கண்ணுக்கு மேலே அக்கி வந்தது. அதிலும் ஆபத்தா?

ஆம். அக்கியை உண்டாக்கும் வைரஸ் நரம்பு வழியாக மூளை ரத்தக்குழாய்ச் சுவருக்கே போகக்கூடியது. வைரஸ் மருந்தைச் சீக்கிரம் தொடங்குங்கள், அடுத்த சில மாதங்கள் கவனமாக இருங்கள். கண்ணையும் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் போடலாமா?

வேண்டாம். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம், அதில் ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டும். பக்கவாதம் வந்தவருக்கும் வீட்டில் கொடுக்காதீர்கள், அடைப்பா கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

தம்பிக்கு 29 வயது, ஸ்ட்ரோக் வந்து ஒரு மாதம் ஆகிறது. பழையபடி ஆவானா?

இளம் மூளை மீண்டும் கற்றுக்கொள்ளும், அது அவருக்குப் பெரிய பலம். பெரும்பாலான முன்னேற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் வரும், அதனால் பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதீர்கள், பேச்சு தடுமாறினால் பேச்சுப் பயிற்சியும் வேண்டும். அப்புறம், நன்றாக நடக்க ஆரம்பித்தவர்களுக்குக்கூட அசதி, மறதி, மனச்சோர்வு இருக்கும். வெளியே தெரியாது, சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். அவரிடம் கேளுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு.