மாரிக்கு இறுகிய கதவைச் சீவலாமா?

நீங்கள் கேட்டது இது: யாழ்ப்பாணத்தில் பழைய வீடு. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அறைக் கதவு நிலையோடு இறுகிப் போய்ச் சாத்தவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. ஓடாவியார் வர இரண்டு கிழமை ஆகும் என்கிறார். சீவுளி இரவல் வாங்கி நீங்களே சீவி விடலாமா?

வேண்டாம். இந்த மழைக்குள் சீவுளியைக் கையில் எடுக்காதீர்கள். அரை மணித்தியால வேலை, சீவி விட்டால் சரி என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் சீவினேன். அதனால்தான் உங்கள் கேள்வியைக் கண்டதும் பேசாமல் போக முடியவில்லை.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் ஓடாவி அல்ல. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். தொழில் தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்வேன். ஆனால் இந்த ஒரு வேலையை நான் என் கையால் கெடுத்திருக்கிறேன். அதை ஒருவர் திருத்தும்போது இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தும் இருக்கிறேன்.

எங்கள் வீடு கோண்டாவிலில். உள்ளறைக் கதவு வேப்பம் பலகை. கிணற்றடியில் நின்ற வேம்பைத் தறித்து, அரிந்து, பலகைகளை மாட்டுக்கொட்டில் பரணில் இரண்டு வருடம் அடுக்கிக் காயவிட்டு, அப்பாவின் கலியாணத்துக்கு முன் அப்பப்பா செய்வித்த கதவு. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். அடுத்த வருடம் சித்திரை கழிந்து திரும்பி வந்து பார்த்தால் ஓட்டில் பாதி இல்லை, பனஞ்சிலாகையில் பாதி இல்லை, யன்னல்களில் ஒன்று மட்டும் உடைந்து முற்றத்தில் கிடந்தது. இந்தக் கதவு நிலையில் அப்படியே நின்றது. அம்மா உள்ளே போய் முதலில் கை வைத்தது அதில்தான்.

2011 கார்த்திகை. அம்மாவுக்கு அப்போது 78 வயது. நாலு நாளாக விடாத மழை. இரவு ஒரு மணிக்கு மேல் அம்மா அறைக்குள்ளிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டு எழும்பி ஓடினேன். கக்கூசுக்குப் போக எழும்பியிருக்கிறார், கதவு திறபடவில்லை. உள்ளிருந்து அவரால் இழுக்க முடியவில்லை. நான் வெளியிலிருந்து தோளால் இடித்துத்தான் திறந்தேன். திறந்தபோது அம்மா கட்டிலில் இருந்தார். சேலை நனைந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விடியும்வரை எனக்கு நித்திரை இல்லை. விடிந்ததும் பக்கத்து வீட்டில் சீவுளி வாங்கினேன். பூட்டுப் பக்கத்து விளிம்பைச் சீவத் தொடங்கினேன். சீவினேன், சாத்திப் பார்த்தேன், இன்னும் இறுகியது. திரும்பச் சீவினேன். ஈர வேம்பு சுருள் சுருளாக வந்தது, சவர்க்காரம் சீவுவது மாதிரி. மூன்று பின்னேரம் அப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் கதவு வெண்ணெய் மாதிரிச் சாத்தியது. கீழே கிடந்த சுருளை அள்ளி அடுப்புக்குப் போட்டேன். பிறகு அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மூன்று நூல் சீவியிருக்கிறேன். எட்டு நூல் ஓர் அங்குலம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாசியில் கதவு சுருங்கத் தொடங்கியது. பங்குனியில் பூட்டின் நாக்கு நிலையில் உள்ள ஓட்டைக்கு எட்டவில்லை. காலை வெயில் அந்த இடைவெளியால் உள்ளே வந்து அம்மாவின் கட்டிலில் ஒரு கோடாக விழும். வைகாசியில் சோளகம் வீசத் தொடங்கியதும் கதவு இரவு முழுக்க அடித்துக்கொண்டது. அம்மா பழைய சேலையைக் கிழித்து இடையில் செருகிச் சாத்துவார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகுதான் உரும்பிராயிலிருந்து ஒரு முதிய ஓடாவியாரைக் கூட்டிவந்தேன். அவர் ஆயுதப் பெட்டியைத் திறக்கவே இல்லை. இடைவெளிக்குள் விரலை விட்டு மேலிருந்து கீழ்வரை ஓட்டினார்.

“தம்பி, இது ஆர் சீவினது?”

“நான்தான் ஐயா.”

“எப்ப?”

“கார்த்திகையில.”

ஒன்றும் சொல்லாமல் கைபிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கினார். மேல் பிணைச்சல் டக்கென்று அசைந்தது.

“அப்ப முட்டினது மேல் மூலையிலயோ, விளிம்பு முழுக்கவோ?”

எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவே இல்லை.

“அதைத்தான் முதல்ல பாத்திருக்கோணும். கதவு ஊதினது உண்மை. ஆனா அரைவாசிப் பிழை பிணைச்சலில. நீர் ரெண்டுக்கும் சேத்து மரத்தை வெட்டிப்போட்டீர்.”

பிறகு ஸ்ரூலில் ஏறிக் கதவின் தலை விளிம்பைத் தடவினார். என்னையும் ஏறச் சொல்லி என் விரலைப் பிடித்து அதில் வைத்தார். வாள் அறுத்த சொரசொரப்பு அப்படியே இருந்தது. முகத்துக்குப் பத்துத் தரம் பெயின்ற் பூசிய கதவுக்குத் தலையிலும் காலிலும் ஒரு சொட்டும் படவில்லை. மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய குழாய்கள் நெடுக்கே ஓடுகின்றன. பலகையைக் குறுக்கே அறுத்த இடத்தில் அவற்றின் வாய் திறந்தே இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தைப் பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக அந்த வாய்தான் குடிக்கும். ஆனால் குடித்த ஈரத்தால் பலகை நீளப்பாட்டுக்கு அவ்வளவாக வளராது, அந்த வளர்ச்சி கண்ணுக்கே தெரியாது. அகலப்பாட்டுக்குத்தான் ஊதும். அதனால்தான் கதவு நிலையின் தலையில் முட்டுவதைவிடப் பக்கத்தில் இறுகுகிறது.

அவர் செய்த திருத்தத்தை இங்கே சொல்கிறேன், ஏற்கெனவே சீவிவிட்டவர்களுக்கு உதவும். கதவுக்கு ஒரு துண்டு ஒட்ட வேண்டும், ஆனால் மரக்காலையில் புது மரம் வாங்க வேண்டாம் என்றார். அது இன்னும் சுருங்குமாம். பழைய வேம்பு இருக்கிறதா என்று கேட்டார். 1996இல் முற்றத்தில் கிடந்த அந்த உடைந்த யன்னல் கொட்டிலுக்குள் இருந்தது. அதன் சட்டத்திலிருந்து துண்டு எடுத்தார். நான் சீவிய பூட்டுப் பக்கத்தில் ஒட்டவில்லை, பிணைச்சல் பக்கத்தில் ஒட்டினார். பூட்டுப் பக்கம் நாள் முழுக்க அடி வாங்கும், ஒட்டு விடும், பூட்டையும் இடம் மாற்ற வேண்டி வரும். பிணைச்சல் பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. பசை பூசி, சுற்றிவரக் கயிறு போட்டு, கயிற்றுக்குள் ஆப்பு அடித்து இறுக்கி ஓர் இரவு விட்டார். அடுத்த நாள் உளியால் பிணைச்சலுக்கு இடம் வெட்டினார். ஒட்டிய கோடு இன்றைக்கும் தெரிகிறது. அதை மறைக்க நான் பெயின்ற் பூசவில்லை.

துண்டை ஒட்டும்போது அவர் சொன்னார், “இப்பிடிக் காஞ்ச வேம்பு இனி ஆரிட்டக் கிடக்கு?” அது எனக்கு இன்றும் வலிக்கிற இடம். கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், ஆனால் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் பழைய கதவும் நிலையும் தூணும் லொறியில் ஏறிப் போய்விட்டன. வாங்க வருகிறவர்கள் வீட்டில் வயது போனவர்கள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருகிறார்கள். இது உழுத்துப் போச்சு, விறகுக்குத்தான் ஆகும், நாங்கள் எடுத்துவிட்டுப் புதுக் கதவு போட்டுத் தருகிறோம் என்று சொல்கிறார்கள். உழுத்த கதவுக்கு ஏன் லொறி கொண்டுவருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பதிலுக்குப் போட்டுக் கொடுக்கும் கதவு பச்சை மரம், இரண்டாம் வருடம் முறுக்கிக்கொள்கிறது. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பியும் “அண்ணை, அலுமினியம் போடுங்கோ, நான் காசு அனுப்புறன்” என்றான். அன்பில் சொன்னதுதான், கோபம் இல்லை. ஆனால் பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிற நாட்டில், அறுத்துக் காய்ந்து கதவாகி நிற்கும் மரத்தைக் காக்க ஒருவரும் இல்லை. நீங்கள் பழைய வீடு என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், கதவு இறுகுகிற கோபத்தில் அதை விற்றுவிடாதீர்கள்.

சரி, உங்கள் கதவுக்கு வருகிறேன்.

இன்றைக்கே ஒரு வெண்கட்டி எடுத்துக் கதவின் விளிம்பு முழுக்கத் தேய்த்து, சாத்தித் திறந்து, நிலையில் எங்கே வெள்ளை பட்டிருக்கிறது என்று பாருங்கள். பூட்டுப் பக்கத்து மேல் மூலையில் மட்டும் பட்டு, கீழே நிலத்திலும் அதே பக்கம் உரசினால் கதவு தொங்கிவிட்டது, மேல் பிணைச்சல்தான் காரணம். கைபிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் உறுதியாகும். கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்கிவிட்டு, தளர்ந்த திருகாணிகளைக் கழற்றுங்கள். காய்ந்த மரத்தில் மெல்லிய குச்சி சீவி, பசையில் தோய்த்து ஓட்டைக்குள் அடித்து, மட்டமாக வெட்டி, பசை காய ஒருநாள் விடுங்கள். பிறகு சிறு ஓட்டை துளைத்து, முன்பிருந்ததைவிட அரை அங்குலம் நீளமான திருகாணியைச் சவர்க்காரத்தில் தேய்த்து ஏற்றுங்கள். துளைக்காமல் ஏற்றினால் பழைய மரம் வெடிக்கும். திருகாணி கறள் பிடித்திருந்தால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

விளிம்பு முழுக்க வெள்ளை பட்டிருந்தால் கதவு ஊதியிருக்கிறது. அதற்கு இப்போது செய்யக்கூடியது மெழுகுதிரியை நன்றாகத் தேய்ப்பது மட்டும்தான். அதற்கும் அசையவில்லை, உள்ளே வயது போனவரோ பிள்ளையோ படுக்கிறார் என்றால் கதவைக் கழற்றிவிடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். கழற்றி, சுவரில் சாய்க்காமல் இரண்டு மூன்று கட்டையில் மட்டமாகப் படுக்கப்போட்டு, வாசலுக்கு ஒரு சேலையைத் திரையாகக் கட்டுங்கள். சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். அந்த இரவு எனக்கு இது தோன்றியிருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

மாசி முடிய, பங்குனியில் கதவு காய்ந்திருக்கும்போது திரும்ப மாட்டிப் பாருங்கள். அநேகமாகச் சரியாகவே சாத்தும். அப்போதும் இறுகினால் சீவலாம், ஒரு நூலுக்கு மேல் வேண்டாம், பூட்டு பதித்த கதவென்றால் பிணைச்சல் பக்கத்தில் சீவுங்கள். சீவியபின் பிணைச்சல் இடத்தையும் அதே அளவு ஆழமாக்க வேண்டும். காய்ந்த கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு காசுக்குற்றி இறுகாமல் போய்வந்தால் போதும், மாரியில் ஊதுவதற்கு அது இடம் விடும். தலை விளிம்பையோ கால் விளிம்பையோ சீவ வேண்டி வந்தால் இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சீவுங்கள். ஒரே போக்கில் ஓட்டினால் கடைசியில் ஓரம் பிளந்து கையோடு வரும். எல்லாம் முடிந்து மாட்டுமுன் தலைக்கும் காலுக்கும் மூன்று தரம் பெயின்ற் பூசுங்கள். பெயின்ற் அடிக்கிறவர் “அது தெரியாத இடம்தானே” என்பார். பக்கத்தில் நின்று பூசுவியுங்கள்.

எங்கள் வீட்டில் மாரியில் சீவினோம், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது எழுதக்கூடும். இருக்கலாம். பிளைவூட் ஒட்டிய கதவு இவ்வளவு ஊதாது. ஆனால் அதன் விளிம்பில் உள்ள சட்டம் மெல்லியது, அதிகம் சீவினால் உள்ளே உள்ள வெறுமை தெரியும். நான் சொல்வது முழுப் பலகைக் கதவுக்கு. நிலையின் காலையும் ஒருதரம் பாருங்கள். சீமெந்து நிலத்துக்குள் புதைத்த நிலை ஈரத்தை உறிஞ்சி அடியில் ஊதும், கறையானும் அங்கேதான் ஏறும். திருகாணிச் சாவியின் பிடியால் தட்டினால் வெறும் பானை மாதிரிச் சத்தம் வந்தால் அது கதவின் பிரச்சினை அல்ல, அதற்கு ஓடாவியார் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

அம்மா 2016இல் காலமானார். அதுவரை அந்தக் கதவை அவரே திறந்து மூடினார். இப்போது அந்த அறையில் நான் படுக்கிறேன். இந்த மாரிக்கும் கதவு கொஞ்சம் இறுகுகிறது, ஒரு கையால் இழுத்தால் வருகிறது.

வெண்கட்டி எந்த இடத்தில் பட்டது என்று பார்த்து எழுதுங்கள். கதவு என்ன மரம் என்பதையும் எழுதுங்கள்.