வார்டை விட்டுப் போவது – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்குக் கோபிப் பக்கம். ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்து ஈரோட்டில் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அப்புறம் டிப்ளமோ நர்ஸ்களுக்கான பட்டப்படிப்பு, போஸ்ட் பேசிக் படித்துவிட்டு மறுபடி அதே வேலை. இப்போது எம்.எஸ்சி. நர்சிங் சேர நினைக்கிறேன். முடித்தால் கல்லூரியில் பாடம் நடத்தப் போகலாம். "காலேஜ்னா நைட் டூட்டி கெடையாது அம்மணி, நாலு பேரு மதிப்பாங்க" என்கிறார் மாமியார். என் இன்சார்ஜ் சிஸ்டரோ, "கை நல்லாப் பழகின நேரத்துல பேஷண்டை விட்டுட்டுப் போறியே கண்ணு" என்றார். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நான் செய்வது சரிதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

சேருங்கள். ஆனால் உங்கள் மாமியார் சொன்ன காரணத்துக்காக வேண்டாம். அவரைக் குறை சொல்லவில்லை. நம் ஊர்ப் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள் நர்ஸ் என்றால் ஒரு முகமும் லெக்சரர் என்றால் வேறொரு முகமும் காட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க நோயாளியின் மூச்சைக் கவனித்து நின்றபோது கிடைக்காத மரியாதை, சாக்பீஸைப் பிடித்ததும் கிடைக்கிறது. எனக்கு அது ஆறாத கோபம்.

இன்சார்ஜ் சிஸ்டரின் கவலை வேறு. அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அட்லெய்டு நட்டிங் என்று ஒருவர். கனடாவில் பிறந்து, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் முதல் அணியில் படித்து, 1891-இல் வெளியே வந்தவர். வார்டில் தலைமை நர்ஸாக இருந்துவிட்டு 1894-இல் அந்தப் பள்ளிக்கே பொறுப்பாளர் ஆனார். அந்தக் காலத்தில் நர்சிங் மாணவி என்றால் ஆஸ்பத்திரிக்குச் சல்லிசாகக் கிடைத்த வேலையாள், படிப்பெல்லாம் பேருக்குத்தான். நட்டிங் அந்த நாற்காலிக்கு வந்ததும், மாணவிகளிடம் எவ்வளவு வேலை வாங்குகிறார்கள், பதிலுக்கு எவ்வளவு கற்றுத் தருகிறார்கள் என்று கணக்கெடுத்து 1895-இல் நிர்வாகிகள் முன் வைத்தார். மறு வருடமே படிப்பு மூன்று ஆண்டானது, வேலை நாளுக்கு எட்டு மணி நேரமானது. 1907-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரிக்குப் போனார். உலகத்தில் பேராசிரியரான முதல் நர்ஸ் அவர்தான். 1925-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

அந்தக் கணக்கை வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நின்று நின்று கால் வீங்கியவருக்குத்தான் அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியும். அவர் நோயாளியை விட்டுப் போனார் என்று யாரால் சொல்ல முடியும்?

நம் பக்கம் வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். அது பட்டப்படிப்பாக மாற 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் எங்கும் கல்லூரிகள். கட்டடம் எழுப்ப நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வார்டு தெரிந்த ஆசிரியர்தான் கிடைப்பதில்லை. எம்.எஸ்சி.க்கு வேலை அனுபவம் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை ஒப்புக்குக் கழித்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி இல்லை.

என் அம்மா கோவையில் படுத்திருந்தபோது மாணவிகளோடு ஒரு மேடம் வருவார். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு பெண் தடுமாறினாள். மேடம் திட்டவில்லை. கட்டிலின் மறுபக்கம் வந்து, "ஏனுங்கம்மா, கொஞ்சம் திரும்பிக்கலாமுங்களா" என்று கேட்டுவிட்டு, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து ஒரே அசைவில் திருப்பினார். இடுப்புக்குக் கீழே சிவந்திருந்த தோலை அந்தப் பெண்ணை விட்டே அழுத்திப் பார்க்கச் சொன்னார். விரலை எடுத்ததும் வெளுக்காமல் சிவப்பு அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கும் அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண் இனி எத்தனை பேரின் முதுகைப் பார்த்துச் சொல்வாள்! உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, வேலைக்குப் போகும் கல்லூரியில் சம்பளத்துக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: கிளினிக்கல் போஸ்டிங்கில், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சியில், ஆசிரியர் மாணவிகளோடு வார்டில் நிற்கிறாரா, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறாரா?

பிறகு துறைத் தலைவர், துணை முதல்வர், முதல்வர் என்று பொறுப்புகள் வரும். கல்லூரியைச் சோதிக்க வரும் குழுவுக்கான ஃபைல், வருகைப் பதிவு, விடுதிப் பிரச்சினை என்று அலுப்பூட்டும் வேலைகள். நல்ல ஆசிரியர்கள் இதற்குப் பயந்தே ஒதுங்குகிறார்கள். நீங்கள் ஒதுங்காதீர்கள். ஆள் பற்றாத அன்றைக்கு, "நாலு பொண்ணுங்களை டூட்டிக்கு அனுப்புங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போது, "அவங்களுக்கு இப்ப வகுப்புங்க" என்று சொல்லக்கூடியவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. ஐ.சி.யூ. பழக்கம் இருப்பதால் மெடிக்கல் சர்ஜிக்கல் (பொது நோய், அறுவைச் சிகிச்சை நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவு) எடுப்பது நல்லது என்று தோன்றுகிறது. சேர்ந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா