விண்டோஸை நாமே திரும்பப் போடலாமா? பார்வையற்றோரின் கேள்விகளும் பதில்களும்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மதுரை செல்லூரில் இருக்கிறேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வைத்துத்தான் வேலை, பிழைப்பு எல்லாம். நம் ஆட்கள் பலர், 'ஃபார்மட் போடுவது' என்றாலே கணினியைத் தூக்கிக்கொண்டு யாரையாவது தேடிப் போகிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, கடையில் கொடுத்தால் சில நூறு ரூபாயில் போட்டுத் தருகிறார்கள். நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?

தாராளமாகக் கொடுக்கலாம்மா. நானும் ஒரு தடவை கொடுத்தேன். திரும்பி வந்த லேப்டாப் பேசவில்லை. போன் போட்டுக் கேட்டால், "ஸ்கிரீன் நல்லாத்தானே சார் தெரியுது" என்கிறார் கடைக்காரர். டி டிரைவில் எங்கள் அப்பாவின் குரலைப் பதிந்து வைத்திருந்தேன். அதுவும் சேர்ந்து போய்விட்டது. அன்றைக்குத்தான் இதை நாமே கற்றுக்கொள்வது என்று உட்கார்ந்தேன்.

மேலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: என் கணினி ஓடுகிறது, ஆனால் மாட்டு வண்டி வேகம். எந்த வழியில் போடுவது நல்லது?

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் வரை, விண்டோஸ் எழும் முன்பே வருகிற பூட் மெனு பக்கமே போகாதீர்கள் சார். அங்கே எந்த ஸ்கிரீன் ரீடரும் பேசாது. விண்டோஸுக்கு உள்ளிருந்தே தொடங்கினால் பாதி தூரம் வரை உங்கள் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ (NVDA) கூடவே வரும்.

முதலில் என்விடிஏவுக்கு ஒரு நகல் எடுங்கள். இன்சர்ட் சாவியையும் N சாவியையும் சேர்த்து அழுத்தினால் மெனு வரும். அதில் டூல்ஸ், அப்புறம் 'கிரியேட் போர்ட்டபிள் காப்பி'. பென்டிரைவைக் காட்டிவிட்டு, இப்போதைய அமைப்புகளையும் சேர்த்து நகலெடுக்கும் பெட்டியில் டிக் செய்யுங்கள். பேச்சு வேகம், சொல் அகராதி, ஆட்-ஆன் எல்லாம் அதோடு வந்துவிடும். வேலை முடிந்ததும் அந்தப் பென்டிரைவிலிருந்தே என்விடிஏவை ஓட்டி, கணினியில் நிறுவிக்கொள்ளலாம்.

அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'ரீசெட் பிசி'. உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். வைத்துக்கொள்ளச் சொன்னாலும் நீங்கள் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும், என்விடிஏ உட்பட. விண்டோஸை நெட்டிலிருந்து இறக்கும் 'க்ளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுத்தால் 4 ஜிபி போல டேட்டா இழுக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முக்கியமான கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் இருக்கட்டும்.

கணினி ரீஸ்டார்ட் ஆனதும் நிசப்தம். இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் வயிறு கலங்கும். எனக்கு முதல் தடவை கை நிற்கவில்லை, எதையாவது அழுத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்து, "அம்பத்தாறு பர்சென்ட் மாமா" என்றான். இப்போதெல்லாம் லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடும் ஃபேன் ஓட்டமும் இருந்தால் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போய்விடுவேன்.

முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். விண்டோஸின் சொந்தக் குரலான நரேட்டர் எழுந்திருக்கும். அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டாவது தடவை அழுத்தினால் எழுந்தது மறுபடி படுத்துவிடும், ஏனென்றால் அணைப்பதற்கும் அதே சாவிதான். 'நம்ம மெஷினில் நரேட்டர் வரவே இல்லை' என்று என்னிடம் சொன்னவர்களில் பாதிப் பேர் இப்படி அணைத்தவர்கள்தான்.

உசிலம்பட்டியிலிருந்து: விண்டோஸ் திறக்கவே இல்லை. என்ன செய்வது?

இரண்டு மூன்று தடவை திறக்க முயன்று தோற்றால், பெரும்பாலும் அதுவாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். அங்கேயும் அதே மூன்று சாவிதான். நரேட்டர் பேசினால் 'யூஸ் எ டிவைஸ்' என்பதில் போய் விண்டோஸ் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பென்டிரைவை மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து இன்னொரு கணினியில் தயார் செய்துகொள்ளுங்கள். 8 ஜிபி போதும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பென்டிரைவிலிருந்து வரும் நிறுவல் திரையிலும் நரேட்டர் உண்டு. விண்டோஸ் 10-இல் 2017-ஆம் ஆண்டு அப்டேட்டோடு வந்த வசதி இது. ஆனால் உங்கள் லேப்டாப்பின் சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் அந்தக் கட்டத்தில் இல்லையென்றால் நரேட்டர் ஓடினாலும் சத்தம் வராது. யூஎஸ்பி ஹெட்செட் செருகிப் பாருங்கள், சில மெஷினில் கைகொடுக்கும். அதுவும் இல்லையென்றால் போனில் 'பி மை ஐஸ்' ஆப்பைத் திறந்து கேமராவைத் திரைக்கு நேரே பிடியுங்கள். பார்வையுள்ள யாரோ ஒரு தன்னார்வலர் வாசித்துச் சொல்வார். கூச்சமே வேண்டாம்.

சோழவந்தானிலிருந்து: எந்த டிரைவை அழிக்கிறோம் என்று எப்படித் தெரியும்? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய இடம்தான். நரேட்டர் 'டிரைவ் ஜீரோ, பார்ட்டிஷன் த்ரீ' என்று எண்ணைத்தான் அடுக்கும். பார்ட்டிஷன் என்றால் டிஸ்கைப் பிரித்த சி, டி போன்ற பகுதி. அதனால் கணினி நன்றாக ஓடும்போதே ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு பெயர் வைத்துவிடுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரில் டிரைவின் மேல் நின்று எஃப்2 அழுத்தினால் போதும். நிறுவும் திரையில் அந்தப் பெயரும் சேர்ந்து வரும். என்னுடையதில் ஒன்றின் பெயர் 'தொடாதே', ஆங்கில எழுத்தில். வெளி ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.

ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிட்டது. இது என்ன?

பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு. புது விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில், நமக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். 48 இலக்க எண் இருந்தால்தான் திறக்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும், போனில் உள்ளே போய்ப் பாருங்கள். இன்னும் இப்படி மாட்டாதவர்கள் அந்த எண்ணை இன்றைக்கே எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே கணினியில் சேமித்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான்.

போட்டு முடித்தாகிவிட்டது, வைஃபை வரவில்லை. நெட் இல்லாமல் அடுத்த திரைக்கே போகமாட்டேன் என்கிறது.

ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். போனின் நெட் கேபிள் வழியே கணினிக்கு வரும்.

வாடிப்பட்டியிலிருந்து: புது விண்டோஸில் தமிழ் வாசிக்க என்ன செய்ய வேண்டும்?

என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரலிலேயே தமிழ் இருக்கிறது. தகர டப்பாவில் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் எவ்வளவு வேகம் வைத்தாலும் தாங்கும். மென்மையாக வேண்டுமென்றால் விண்டோஸின் ஸ்பீச் செட்டிங்ஸில் தமிழ்க் குரலைச் சேருங்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர். நான் கதை கேட்க வள்ளுவர், வேலைக்கு ஈஸ்பீக்.

அலங்காநல்லூரிலிருந்து: பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். தூக்கிப் போடவா தோழரே?

வேண்டாம் தம்பி. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், 4 ஜிபி ரேம் என்று பல நிபந்தனை, பழைய மெஷின் தேறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பென்டிரைவிலிருந்து துவங்கும்போது ஒன்றோ இரண்டோ பீப் கேட்கும். உடனே எஸ் அழுத்தி என்டர் தட்டுங்கள். முதல் கேள்வியிலிருந்தே பேசிக்கொண்டு வரும், பேச்சோடு நிறுவினால் நிறுவி முடித்த பிறகும் பேசும். அங்கே ஸ்கிரீன் ரீடருக்கு ஓர்கா என்று பெயர். சாவிகள் பழக ஒரு வாரம் ஆகும். பீப் கேட்கவில்லையென்றால், கணினியைப் போட்டு அரை நிமிடம் கழித்து எஸ்ஸையும் என்டரையும் தட்டிப் பாருங்கள். சில லேப்டாப்பில் பீப் வரவே வராது.