பழைய ஹைலக்ஸ் 3எல்: பம்ப்பில் கை வைக்க முதல்

தம்பி, உங்கள் 94 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் மூட்டை ஏற்றினால் பெரகலையிலிருந்து ஹப்புத்தளை ஏறத் திணறுது, கராஜ்காரர் எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்பில் டீசலைக் கூட்டச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். 3எல் எஞ்சின் 2.8 லீட்டர், கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இல்லாதது. காற்றுக் கூடாமல் டீசலை மட்டும் கூட்டினால் கறுப்புப் புகைதான் மிச்சம். அந்த நீண்ட ஏற்றத்தில் சூடு ஏறி ஹெட் வெடித்தால் செலவு உங்களுக்குத்தான்.

முதலில் இழந்த பவரை மீட்டெடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரை அக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி பம்ப் லீவரைப் பாருங்கள். அது கடைசி ஸ்க்ரூவில் போய் முட்ட வேண்டும். கேபிள் தளர்ந்து முட்டாமல் நிற்கிற வண்டிகள் நிறைய. பிறகு காற்று, டீசல் இரண்டு பில்டரும் மாற்றி, டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி டெஸ்ட் பண்ணுங்கள். 31 அங்குல டயர் போட்டதாகச் சொன்னீர்கள், பெரிய டயர் என்றால் கியர் உயர்ந்த மாதிரி, ஏற்றத்தில் இழுவை குறையும். பழைய அளவுக்கே திரும்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போதாவிட்டால் டர்போ போடலாம். சிலிண்டரில் காற்றை அழுத்தும் விகிதம் (கம்ப்ரஷன்) ஏற்கெனவே 22:1 அளவில் இருப்பதால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், 7, 8 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம். எக்ஸோஸ்ட் சூட்டைக் காட்டும் மீற்றர் இல்லாமல் டர்போ வேலையைத் தொடங்கவே வேண்டாம். அதற்கு முதல் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அழுத்தத்தை மீற்றர் வைத்துப் பார்த்து அளவுகளை இங்கே போடுங்கள்.