ஆட்குறைப்புச் சட்டத்தால் வேலை குறைகிறதா?

கேள்வி: ஆட்களை எளிதில் நீக்கச் சட்டம் இடம் தராததால்தான் நம் ஆலைகள் ஆள் எடுக்கத் தயங்குகின்றன என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், ஓசூர்

பதில்: அவர்கள் குறிப்பிடுவது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், 1976-இல் சேர்க்கப்பட்ட 5-பி அத்தியாயத்தை. 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்று அது விதித்தது. 1984 முதல் அந்த வரம்பு 100 ஆனது. அனுமதி கிடைக்காது என்ற அச்சம் நிர்வாகங்களுக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

தொழிலாளர் பக்கம் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களில் பதிவுபெற்ற ஆலைகளின் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் பின்தங்கின என்று டிமோதி பெஸ்லி, ராபின் பர்கெஸ் என்ற பொருளியலாளர்கள் 2004-இல் எழுதியது பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதே கணக்கில் குஜராத், ஒரே ஒரு சிறு திருத்தத்தை வைத்துத் தொழிலாளர் சார்பு மாநிலமாக வகைப்படுத்தப்பட்டிருந்ததை மற்றொரு பொருளியலாளரான ஆதித்ய பட்டாச்சார்ஜியா சுட்டிக்காட்டினார். அப்படிப்பட்ட அளவுகோலை நம்பி முடிவுக்கு வருவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு.

சட்டம் மாற்றியது வேலையின் எண்ணிக்கையைவிட வேலையின் தன்மையைத்தான் என்பது என் கருத்து. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கணக்கு நிறைவதற்கு முன்பே ‘பிரேக்’ கொடுத்து அனுப்புவதும், அதே மெஷினில் வேறொரு பயிற்சியாளரையோ காண்டிராக்ட் ஆளையோ நிறுத்துவதும் நம் தொழிற்பேட்டைகளில் தெரியாத செய்தியல்ல. ஆள் எடுப்பது நிற்கவில்லை, நிரந்தரம்தான் அருகிவிட்டது. இன்று நாட்டின் பதிவுபெற்ற ஆலைகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் ஒப்பந்தத் தொழிலாளர்களே.

1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் முன்அனுமதிக்கான வரம்பை மீண்டும் 300 ஆக்கிவிட்டது. குறித்த கால வேலைக்கும் அதில் இடம் உண்டு. இதனால் சில ஆலைகள் 100-க்குள் அடங்கியிருக்க வேண்டிய கட்டாயம் நீங்கலாம். ஆனால் பத்துப் பேருக்கும் குறைவான பட்டறைகளை 5-பி அத்தியாயம் ஒருநாளும் தொட்டதில்லை. அங்கே ‘நாளை வர வேண்டாம்’ என்ற ஒரு சொல்லே போதும். இருந்தும் அவற்றுள் பெரும்பாலானவை வளராததற்குக் கடன், மின்சாரம், ஆர்டர் என்று வேறு காரணங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.