நச்சுவாயுவை நிறுத்துப் பார்க்கும் படிகம்

கேள்வி: சாரின் போன்ற நரம்பு நச்சுகளைக் கண்டறிய மேற்பரப்பு ஒலி அலை உணரி பயன்படுகிறது என்று படித்தேன். வாயுவைக் கண்டுபிடிப்பதில் ஒலிக்கு என்ன வேலை?
– வாசகர், ஓசூர்

பதில்: இங்கே ஒலி என்பது நம் காதில் விழும் ஓசையன்று, திடப்பொருளின் மேற்பரப்பை ஒட்டியே ஊர்ந்து செல்லும் அதிர்வு. இத்தகைய அலை இருக்க முடியும் என்பதை ராலே பிரபு 1885இல் கணக்கிட்டுக் காட்டினார். அதைப் படிகத்தின் மீது எளிதாக எழுப்பும் வழி 1965இல்தான் கிடைத்தது. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தாற்போன்ற மெல்லிய உலோகக் கோடுகளைக் குவார்ட்ஸ் படிகத்தின் மேல் பதித்து, மாறுமின்னழுத்தம் கொடுத்தால், படிகத்தின் பரப்பு சுருங்கி விரிந்து அலையாக ஓடும். மறுமுனையிலுள்ள இன்னொரு சீப்பு இணை அதை மீண்டும் மின்குறிப்பாக மாற்றும். குவார்ட்ஸில் இந்த அலையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,158 மீட்டர். அலைவெண் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 32 மைக்ரான், ஒவ்வொரு பல்லின் அகலம் 8 மைக்ரான். தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல மடங்கு. (உங்கள் செல்பேசியிலும் இதே தத்துவத்தில் இயங்கும் வடிகட்டிகள் இருக்கக்கூடும்.)

அலையின் ஆற்றல் பெரும்பாலும் ஓர் அலைநீள ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால், மேற்பரப்பில் ஒரு தூசியளவு பாரம் ஏறினாலும் அதன் வேகம் குறைந்து அலைவெண் இறங்கிவிடும். ஆக, இந்தக் கருவி வாயுவை முகர்வதில்லை, நிறுக்கிறது. அலைவெண்ணை இரட்டித்தால் உணர்திறன் நான்கு மடங்காகும்.

ஆனால் தராசுக்கு அரிசியும் மணலும் ஒன்றுதான். எது வந்து ஒட்டியது என்று பிரித்தறிய வேண்டிய பொறுப்பு படிகத்தின் மேல் பூசப்படும் பாலிமர் படலத்தைச் சேர்ந்தது. என் கணிப்பில் இந்தத் துறையின் உண்மையான நுட்பம் மின்னணுவியலில் இல்லை, இந்தப் பூச்சில்தான் இருக்கிறது. சாரின் மூலக்கூறில் பாஸ்பரசுடன் இரட்டைப் பிணைப்பிலிருக்கும் ஆக்சிஜன், ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும். எனவே ஃபுளோரின் சேர்ந்த ஆல்கஹால் தொகுதிகளைக் கொண்ட பாலிமரைப் பூசுகிறார்கள்: ஃபுளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்த ஆல்கஹாலின் ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனுடன் வலுவான ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்துகிறது. அதே சமயம், அந்தப் பிடி விடவே விடாத பிடியாகவும் இருக்கக்கூடாது. தூய காற்று வீசியதும் மூலக்கூறுகள் விலகிப் போனால்தான் கருவி அடுத்த அளவீட்டுக்குத் தயாராகும். ஆய்வகங்களில் சாரினைக் கையாள்வது பெரும் ஆபத்து என்பதால், அதை ஒத்த அமைப்பும் மிகக் குறைந்த நச்சுத்தன்மையும் கொண்ட டைமெத்தில் மெத்தில்பாஸ்போனேட்டை வைத்தே பூச்சுகளைச் சோதிக்கிறார்கள்.

நீராவியும் சாராய ஆவியும் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாக்கக்கூடியவை என்பதால், ஒரே உணரியை நம்பினால் பொய் எச்சரிக்கை எழும். இதைத் தவிர்க்க வெவ்வேறு பூச்சுகள் கொண்ட சில உணரிகளை வரிசையாக வைத்து, அவை கூட்டாகக் காட்டும் மாற்றக் கோலத்தைக் கொண்டு வாயுவை இனங்காண்கிறார்கள். வெப்பநிலை ஏற்ற இறக்கத்தை ஈடுகட்ட, பூச்சில்லாத இன்னொரு படிகத்துடன் ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதும் வழக்கம்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டு. இந்த உணரியை அங்கே வைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். அந்த மூலக்கூறின் எடை 34தான். சாரினின் எடை 140. பாரத்தை நம்பும் உணரிக்கு இது சாதகமான வாயுவன்று. டங்ஸ்டன் ஆக்சைடு படலத்தைச் சூடாக்கி, அதன் மின்கடத்துதிறன் மாறுவதால் அலையின் வேகம் மாறுவதை அளக்கும் முறை ஆய்வுகளில் உள்ளது. எனினும் உங்கள் வேலைக்கு மின்வேதி உணரி (வாயு வேதிவினை புரிவதால் எழும் மின்னோட்டத்தை அளப்பது) பொருத்திய, ஆக்சிஜனையும் எரியக்கூடிய வாயுக்களையும் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்தே அளக்கும் கையடக்கக் கருவி போதும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்: வாயு 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் குழாய் இறக்கி அளக்க வேண்டும். சேற்றைக் கிளறும்போது புதிதாக வாயு வெளிப்படும் என்பதால், வேலை முடியும்வரை கருவி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.